கழுவும் முன் ஒரு கோப்பி

மோட்டார் சைக்கிள் சத்தத்தைப் பதினைந்து விநாடி பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அங்கிள், என்ன கோளாறு?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். தெங்கேராவில் இருந்த என் கடையைக் கைமாற்றிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. அப்படியும் விடுவதில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். பல் டாக்டர், பேங்க் அதிகாரி, பள்ளிக்கூட ஆசிரியர். திடீரென்று ஒரு நாள் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய மறுவாரமே அது அவர்களை நடுரோட்டில் நிறுத்திவிடுகிறது. சத்தத்தை மட்டும் கேட்டுப் பலன் சொல்ல நான் கிளி ஜோசியக்காரன் இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருடம் இந்த வண்டிகளோடு மாரடித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான் என்று ஒரு தடவை எழுதிவிட்டால், இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

எந்தக் கம்பெனி வண்டி என்று பெயர் சொல்லமாட்டேன். சொன்னால், "உங்க கிட்ட ஒண்ணு இருக்காமே, விக்கிறீங்களா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். விற்பதாக இல்லை.

நான் வேலை கற்றது லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து வொர்க்ஷாப்பில். அப்பா பால்மரம் வெட்டினார். எனக்குக் கத்தி பிடிக்க வரவில்லை. பதினேழு வயதில் வொர்க்ஷாப்பில் போட்டார்கள். டிராக்டர், ரப்பர் பால் லோரி, தண்ணீர் பம்பு, அப்புறம் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர்களின் மோட்டார் சைக்கிள்கள். ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், இங்கிலாந்தில் செய்தது. செம்மண் பாதையில் அது போகிற சத்தம் இரண்டு டிவிஷன் தள்ளிக் கேட்கும். முதல் ஆறு வருடம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கிரீஸ் துடைத்தேன், திட்டு வாங்கினேன். அவ்வளவுதான்.

திட்டியவர் ஃபோர்மன் பெஞ்சமின் ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவார், மாலையில் அதே வெள்ளையோடு வீடு திரும்புவார். அந்த வித்தை எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். பதினேழு வயதுப் பயலான என்னையும் 'நீர்' என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. அவர் 'நீர்' என்று தொடங்கினாலே கையில் இருந்ததைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு நாள் கண்டக்டரின் வண்டியில் சிலிண்டர் நட்டு ஒன்றைக் கழற்ற, டிராக்டருக்கு வைத்திருந்த ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது. பலத்தை வைத்துத் திருகியதில் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஸ்பானர் அளவே தனி. மில்லிமீட்டரும் ஒத்துவராது, அமெரிக்க அங்குலமும் ஒத்துவராது. ஒத்துவருவது போல ஏமாற்றும், அதுதான் ஆபத்து. ஐயா அந்த நட்டை உளி வைத்துத் தட்டிக் கழற்றி, என் சட்டைப் பையில் போட்டார்.

"இது ஒரு மாசம் உம்மட பைக்குள்ளயே கிடக்கட்டும். நீர் குனியேக்க எல்லாம் விழும். பொறுக்கி எடுக்கேக்க என்னை நினையும்."

ஒரு நாளைக்கு இருபது தடவை விழுந்தது. புது உரிமையாளர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி அதிலிருந்து வந்ததுதான். வண்டி வாங்குவதற்கு முன்பே அதற்குரிய ஸ்பானர் செட்டை வாங்குங்கள். வண்டி கிடைக்காவிட்டால் கூட ஸ்பானர் மிஞ்சும்.

பெஞ்சமின் ஐயாவிடம் ஒரு முறை இருந்தது. கோளாறு என்று ஒரு வண்டி வந்தால் உடனே யாரும் தொடக் கூடாது. கேன்டீனிலிருந்து ஒரு கப் கோப்பி வரும், பால் போடாத கறுப்புக் கோப்பி. அதைக் குடித்து முடிக்கும்வரை ஒரு கையில் கப், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். வண்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பார், குனிந்து பார்ப்பார், மோந்து பார்ப்பார். வண்டிக்காரரை ஒரே கேள்வி கேட்பார். "கடைசியா இது ஒழுங்கா ஓடின நாளுக்கும் இண்டைக்கும் இடையில இந்த வண்டிக்கு என்னவெல்லாம் நடந்தது? தேவையில்லாதது எண்டு நீங்கள் நினைக்கிறதையும் சொல்லுங்கோ." சூடான கோப்பி என்பதால் பத்து நிமிடம் ஆகும். எங்களுக்கோ கை அரிக்கும்.

அதைவிட முக்கியம், வந்த வண்டியைக் கழுவக் கூடாது. ஒரு முறை மழைக்காலத்தில் ஒரு கண்டக்டரின் வண்டி விட்டு விட்டு ஓடுகிறது என்று வந்தது. தலையிலிருந்து கால்வரை செம்மண். நான் ஆர்வக்கோளாறில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தேன். ஐயா குழாயை மிதித்து நின்றுகொண்டார். பிறகு டேங்குக்கு அடியில் விரலால் காட்டினார். பிளக்குக்குப் போகும் வயர் முழுக்கச் செம்மண் அப்பியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு மண் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அந்த இடத்தில் வயர் இரும்பில் உரசி, மேல்தோல் தேய்ந்து, கரண்ட் கசிந்துகொண்டிருந்தது.

"கழுவின வண்டி வாய் திறக்காது, மணியம்."

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தார் பேச்சில் வருத்தம் என்றால் நோய். "திரும்ப வரவழைக்கத் தெரியாத வருத்தத்தை நான் மாத்தினேன் எண்டு ஒருநாளும் சொல்லாதையும்." அதாவது, ஒரு கோளாறை நாமே வேண்டுமென்று உண்டாக்கி, நாமே போக்கிக் காட்டினால்தான் காரணம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். தற்செயலாக வண்டி ஓடிவிட்டால் அது வைத்தியம் ஆகாது.

ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டமும் கைமாறியது. வொர்க்ஷாப்பை மூடியபோது நான் தெங்கேராவில் ஒரு கடை வரிசைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கொட்டகை பிடித்து உட்கார்ந்தேன். ஜப்பான் வண்டிகள் சோறு போட்டன. பிரிட்டிஷ் வண்டிகள் பெயர் வாங்கித் தந்தன.

பெயர் வாங்கித் தந்த கதைகளில் ஒன்று பல் டாக்டருடையது. இந்த வண்டிகளில் எண்ணெய்க்குத் தனி டேங்க் உண்டு. ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து இறங்கி இன்ஜினுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். டாக்டர் டேங்கைத் திறந்து பார்த்தார், காலி. அடடா என்று ஒரு முழு டின் ஊற்றி, உதைத்துக் கிளப்பினார். இன்ஜினுக்குள் இரட்டிப்பு எண்ணெய். வெள்ளைப் புகை அவர் வீட்டு வரிசையையே மூடி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பொம்பாவுக்குப் போன் போட்டு, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ஆகவே இரண்டாவது புத்தி, நாள் கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றாதீர்கள், எங்கே போனது என்று முதலில் தேடுங்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான்தான் பெரிய தப்பையும் செய்தேன். நகரத்து வாடிக்கையாளர்களுக்கு வண்டி மினுங்க வேண்டும். அதற்காக ஒரு தண்ணீர்ப் பீய்ச்சியை வாங்கினேன். வந்த வண்டியை முதலில் பளிச்சென்று கழுவிவிடுவது என் கடை வழக்கமாகிவிட்டது. "மணியம் கடைக்குப் போனா பைக் புதுசாத் திரும்பும்" என்றார்கள். எனக்கும் காதில் தேன் பாய்ந்தது. பெஞ்சமின் ஐயா அப்போது உயிரோடு இல்லை. குழாயை மிதிக்க ஆள் இல்லை.

கடையைக் கைமாற்றுவதற்கு முந்திய வருடம் மாலதி டீச்சர் வந்தார். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, நாற்பது வயது இருக்கும். ஐந்நூறு சிசி வண்டி, நான் தோட்டத்தில் பார்த்த அதே ரகம். அதைத் தானே விரும்பி, தேடி வாங்கியிருந்தார். வீட்டில் கணவர் ரவிக்கு அரை மனது. மாமியார் கோவிந்தம்மாவுக்குக் கால் மனதுகூட இல்லை. இரண்டு மாதம் பேசாமல் இருந்தாராம். பிறகு ஒரு நாள், "சரி, வாங்கிக்க. ஆனா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் அதுக்குச் சந்தனம் வெப்பேன். யாரும் தடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். டீச்சர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

டீச்சரைப் போல ஒரு மாணவி எனக்கு வாய்த்ததில்லை. நம் ஊரில் எல்லாரிடமும் இருக்கும் சின்னக் கப்சாய் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த வண்டியில் எல்லாம் தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார்கள். டீச்சர் பள்ளித் திடலில் இரண்டு வாரம் அதை மட்டும் பழகினார். கிளப்பும் முறையையும் சட்டென்று பிடித்துக்கொண்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் கசியும்வரை பொத்தானை அமுக்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தி, எங்கே கனமாக முட்டுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சற்றுத் தாண்டவிட்டு, பிறகு ஒரே உதை. கோபத்தோடு உதைத்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிய ஆண்பிள்ளைகள் பலர் எனக்குத் தெரியும். டீச்சருக்கு ஒரு நாளும் வீங்கியதில்லை.

அந்த வண்டிதான் நின்றது. ஒரு சனிக்கிழமை காலை, உம்பாய்க்குப் போகிற வழியில், பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியபின் மூச்சு முட்டியது போல இருமி இருமி நின்றுவிட்டது. பிக்கப் லோரியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டு டீச்சரும் வந்தார்.

"பெட்ரோல் இருக்கான்னு டேங்கைத் திறந்து பாத்தேன், அங்கிள். பாதிக்கு மேல இருந்துச்சு. பத்து நிமிஷம் வெயிட் பண்ணிட்டு உதைச்சேன், ஓடுச்சு. ஆனா பயமா இருந்துச்சு லா, அதான் ஏத்திட்டேன்."

அவர் சொன்னதில் பத்து நிமிடம் என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. என் மனதில் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. வண்டியைக் கழுவினேன். பிளக் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். நானே உம்பாய்வரை ஓட்டிப் போய் சுட்ட மீன் இகான் பக்கார் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தங்கமாக ஓடியது.

மூன்று வாரம் கழித்து மறுபடி நின்றது. இந்த முறை சாலைச் சந்திப்பில், பின்னால் மணல் லோரி. லோரிக்காரர் பிரேக் போட்டு நிறுத்தியபோது வண்டியின் பின் சக்கரத்துக்கும் லோரிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லையாம். டீச்சரே வந்து இதை என்னிடம் சொன்னார். அன்று இரவு கணவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை ரோட்டில் நின்றாலும் வண்டியை விற்றுவிடுவது. ரவியின் வேலையிடத்தில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், வாங்க ஆள் தயார்.

நான் மறுபடி கழுவினேன். டேங்க் மேலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்து கால்வாய்க்குள் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை. நம்மவர் வண்டி எதில்தான் சந்தனம் இல்லை? லோரியில் இருக்கிறது, வேனில் இருக்கிறது, என் கடைக் கல்லாப்பெட்டியிலும் இருக்கிறது. ஹாரன் மாதிரி, கண்ணாடி மாதிரி, அதுவும் வண்டியின் ஒரு பாகம் என்றுதான் என் கண் எடுத்துக்கொண்டது.

மேக்னெட்டோதான் என்று அடித்துச் சொன்னேன். பொறிக்கு மின்சாரம் தருவது அது. பழைய மேக்னெட்டோ சூடேறினால் சாகும், ஆறினால் பிழைக்கும். இந்த வண்டிகளைத் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கழற்றி, வெளியூரில் கம்பி சுற்றித் தருபவருக்கு அனுப்பினேன். ஆறு வாரம் ஆனது. திரும்பி வந்த மேக்னெட்டோ நீலப் பொறி கக்கியது. மாட்டி, டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்து, ஒரு போத்தலில் பெட்ரோல் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டேன். அசையவில்லை. "டீச்சர், இனி நின்னா என் பேர மாத்திக்கிறேன்" என்றேன்.

பள்ளியில் பரீட்சை நேரம். மூன்று வாரம் டீச்சர் வண்டியைத் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"அங்கிள், உம்பாய் கிட்ட நிக்கிறேன். நின்னுடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கு இன்னும் சொல்லல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அறுபத்தைந்து வயதில், இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது இல்லை என்று மார் தட்டியவன் மூன்றாவது முறையாகத் தோற்றிருந்தேன். டீச்சர் இழக்கப்போவது, ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. பிக்கப் லோரியைக் கூப்பிடப் போன கை நின்றது. அந்த நிமிடம் பெஞ்சமின் ஐயா குழாயை மிதித்துக்கொண்டு என் முன்னால் நின்றார் என்றுதான் சொல்லவேண்டும்.

"டீச்சர், தள்ளாதீங்க. உதைக்காதீங்க. எதையும் திறந்து பாக்காதீங்க. ஓரமா நிழல்ல நில்லுங்க. நான் வரேன்."

போகிற வழியில் ஒரு கடையில் கறுப்புக் கோப்பி-ஓ பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டேன். சாலையோரம் ஒரு மரத்தடியில் வண்டி நின்றது. டீச்சர் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு கையில் கோப்பியைப் பிடித்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். டீச்சருக்கு நான் கிறுக்கனாகிவிட்டேனோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

வயர் சரி. எண்ணெய் சரி. கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் வாடையே இல்லை. அது ஒரு செய்தி. மூன்றாவது சுற்றில் டேங்கின் மேல் பார்த்தேன். ஹெட்லைட்டில் ஒரு குங்குமப் பொட்டு. டேங்கின் இரு பக்கமும் மூன்று கோடு விபூதி. நட்ட நடுவில், பெட்ரோல் மூடியின் தலையில், மூன்று வாரச் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, ஒரு நாணயத்தின் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் குங்குமம்.

அந்த மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. டேங்கிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைத்தால் டேங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே விடாது. கொஞ்சம் காத்திருந்தால் இடுக்கு வழியாகக் காற்றுப் புகுந்து மறுபடி ஓடும். மூடியைத் திறந்து பார்த்தாலோ உடனே சரியாகிவிடும். டீச்சர் முதல் நாளே சொன்னார், திறந்து பார்த்தேன் என்று. நான்தான் அந்த வார்த்தையைக் கீழே போட்டுவிட்டேன்.

"டீச்சர், காதைக் கிட்ட கொண்டு வாங்க" என்று சொல்லி மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது.

டீச்சர் மூடியைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "அங்கிள், இதத்தான் லா நான் ஃபார்ம் டூ பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

ஆனாலும் ஐயா சொன்னபடி வருத்தத்தைத் திரும்ப வரவழைக்க வேண்டும். மூடியை அப்படியே இறுக்கிப் போட்டு, ஒரே உதையில் கிளப்பி ஓட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம் இருமி நின்றது. திறந்தேன், ஓடியது. மறுபடி மூடினேன், நின்றது. மறுபடி திறந்தேன், ஓடியது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு வண்டி நின்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

சந்தோஷம் டீச்சர் வாயைத் திறக்கும்வரைதான். "இத யாரு அத்தகிட்ட சொல்றது? அந்தச் சந்தனத்துக்காகத்தான் அவங்க சரின்னே சொன்னாங்க. கார்புரேட்டர்ல தூசின்னு சொல்லிடுங்க, அங்கிள். ப்ளீஸ்."

யோசித்தேன். பொய் சொல்ல எனக்குப் பெரிதாகக் கூச்சம் கிடையாது, வாடிக்கையாளர் மனம் நோகாமல் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் தூசி என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சந்தனம் ஏறும். அடுத்த சனிக்கிழமை பின்னால் வருகிற லோரிக்காரருக்குப் பிரேக் பிடிக்க வேண்டும். மூடியை அரைத் திருகு தளர்த்தி வைத்து, சந்தனத்தைத் துடைக்காமல், நானே வண்டியை அவர்கள் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். டீச்சர் என் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

வாசலில் ரவி நின்றுகொண்டிருந்தார். கிளம்பும் முன்பே டீச்சர் அவருக்குப் போன் பண்ணி, வண்டி நின்றதைச் சொல்லிவிட்டார், கணவரிடம் மறைக்கிற பிறவி இல்லை. "மூணாவது தடவ, அங்கிள். நாளைக்குக் காலைல வண்டி கேட்டவர வந்து பாக்கச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க. எனக்கு மாலதிதான் முக்கியம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. கோவிந்தம்மா உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர். முன்பு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று கையைப் பார்த்தாலே தெரியும்.

"அம்மா, பால் டின்னத் தொறக்கறப்ப எத்தன ஓட்ட போடுவீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

"ஏன் ரெண்டு? பால் ஒரு ஓட்டைலதான வருது?"

"ஒண்ணு போட்டா வராதுண்ணே. காத்துப் போகணும்ல."

மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "இந்த மூடில இருக்கறதுதாங்க அந்த ரெண்டாவது ஓட்ட."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் சந்தனத்தைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நான் மனதுக்குள் ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "இது நல்லா ஓடணும்னு நான் ஒருநாளும் கும்பிட்டதில்ல. ரவியோட அப்பா ஒரு நாள் காலைல மோட்டர்ல வேலைக்குப் போனாரு. வீட்டுக்கு ஹெல்மெட் மட்டும்தான் வந்துச்சு. நான் கும்பிட்டது, இது கெட்டுப் போயிடணும், ஓடாம நிக்கணும்னுதான். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அதான் கேட்டேன்."

பிறகு மருமகளின் பக்கம் திரும்பினார். "வீட்டு வாசல்ல நிக்கணும்னுதான்ம்மா கும்பிட்டேன். லோரிக்கு முன்னால நிக்கணும்னு கும்பிடல."

டீச்சர் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சமின் ஐயாவின் கேள்வியை நான் முதல் நாளே முழுசாகக் கேட்டிருந்தால், தேவையில்லாதது என்று நினைப்பதையும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால், அந்த லோரிச் சம்பவமே நடந்திருக்காது. அந்தத் தப்பில் பாதி என்னுடையது. அதை அங்கேயே அவர்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்.

ரவி தயங்கித் தயங்கி, "ஆனாலும் வாக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வாக்குக் குடுத்தது அவ. நிப்பாட்டுனது நானு" என்றார் கோவிந்தம்மா. "நாளைக்கு அந்த ஆள வர வேணாம்னு சொல்லு."

சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி எடுத்தார். மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தார். பிறகு ஊக்கின் முனையைத் துளைக்குள் விட்டு மெல்லத் திருகினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"தெரியறீங்கண்ணே" என்றார்.

சந்தனத்தை இனி எங்கே வைப்பது என்று கேட்டார். ஹெட்லைட்டின் தலையைக் காட்டினேன். என் கடையில் மிச்சமிருந்த ஒரு வருடமும் கழுவாமல்தான் வண்டியைப் பார்த்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். கோப்பி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சரின் எண்ணிலிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. வழக்கம்போல வண்டிச் சத்தம் என்று நினைத்துத் திறந்தேன். கோவிந்தம்மாவின் குரல்.

"அண்ணே, இன்னிக்கு ஓடணும்னுதான் கும்பிட்டேன். மெதுவா ஓடணும்னு."